வாய்பாட்டிலிருந்து நுழைவுத் தேர்வு வரை

மலர்க் குழுத் தம்பிகள் கட்டுரை கேட்டு வந்தபோது, "கட்டடம் கட்டின கதை, முதல்வர்கள் வரிசை எல்லாம் போன மலர்லயே வந்தாச்சு சார். நீங்க வேற ஏதாவது வரலாறு எழுதுங்க" என்று சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். நாம் அனைவரும் இந்தக் கல்லூரிக்குள் நுழைந்தது கணக்கு என்னும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான். அதிலும் குறிப்பாகச் சொன்னால், இரவு பகலாக உரு ஏற்றி வைத்திருந்த ஃபார்முலாக்களைக் கொண்டுதான். ஆகவே அந்த மனப்பாடத்தின் வரலாற்றையே எழுதலாம் என்று துணிந்தேன்.

"அவனா, சும்மா மக்கப் அடிச்சு வந்தவன்" என்று நம் விடுதியில் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டது பலருக்கு நினைவிருக்கும். மனப்பாடம் என்றாலே மட்டமான காரியம் என்று நமக்குள் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. வரலாற்றைப் புரட்டினால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது. மனப்பாடம் நம் மண்ணில் ரொம்பப் பழைய தொழில். அதற்கு ஒரு துணை உண்டு. அந்தத் துணை எங்கே எப்போது கழன்று போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

திண்ணைப் பள்ளியில்

கணிதத்தில் ஃபார்முலா என்பதைப் பள்ளிப் புத்தகம் 'சூத்திரம்' என்றும் 'வாய்பாடு' என்றும் சொல்கிறது. பெருக்கல் அட்டவணைக்கும் நாம் வாய்பாடு என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகுவது என்ற பொருள் பெயரிலேயே இருக்கிறது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் படித்த எண்சுவடி அப்படிப்பட்ட நூல்தான். முழு எண்கள் மட்டுமல்ல. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்கும் அதில் வாய்பாடு உண்டு. மாகாணி என்றால் 16இல் ஒன்று. முந்திரி என்றால் 320இல் ஒன்று. இன்று கால்குலேட்டர் இல்லாமல் நம்மில் எத்தனை பேர் 320இல் ஒன்றைப் பெருக்கிச் சொல்வோம்?

சட்டாம்பிள்ளை ஒருவன் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவது போலச் சொல்வார்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், எழும்பூரில் இருந்த அனாதைச் சிறுவர் விடுதியில் அதைப் பயன்படுத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் போயிற்று. நம் ஊர்த் திண்ணை, கப்பல் ஏறிப் போன கதை இது.

இந்த மனப்பாடம் எதற்கு? நெல் அளக்க, நிலம் அளக்க, கூலி கணக்குப் போட. காரி நாயனார் செய்த கணக்கதிகாரத்தில் வட்டத்தின் பரப்பைக் காண ஒரு விதி செய்யுளாகவே இருக்கிறது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்பது அதன் சாரம். நாம் படித்த 'பை ஆர் ஸ்கொயர்' அதுவேதான். சுற்றளவு 22, விட்டம் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 11ஐ மூன்றரையால் பெருக்கினால் முப்பத்தெட்டரை. பை ஆர் ஸ்கொயர் போட்டாலும் அதே முப்பத்தெட்டரைதான். வித்தியாசம் என்னவென்றால், பழைய விதிக்கு 'பை' என்ற எண்ணே தேவையில்லை. ஒரு கயிறு இருந்தால் போதும்.

என் சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. படப்பைக்கும் ஒரகடத்துக்கும் பக்கம். எங்கள் தாத்தா பள்ளிக்கூடம் என்று போனது திண்ணையோடு சரி. கிணறு வெட்டியவர்களுக்குக் கூலி கொடுக்கும் நாளில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிணற்றின் வாயைச் சுற்றிக் கயிறு போடுவார், அதை இரண்டாக மடிப்பார். குறுக்கே ஒரு கயிறு போடுவார், அதையும் மடிப்பார். இரண்டையும் பெருக்கி, ஆழத்தாலும் பெருக்கி, வெட்டி எடுத்த மண் இவ்வளவு என்று சொல்லிவிடுவார். "எப்படி தாத்தா?" என்று கேட்டால், "வாய்பாடுடா, வாயில இருக்கு, கையில கயிறு இருக்கு" என்பார். வாயில் உள்ளதைக் கையும் அறிந்திருந்தது. நான் முதலில் சொன்ன துணை இதுதான்.

நிலம் அளந்த சூத்திரம்

ஆங்கிலேயர் காலத்திலும் சூத்திரத்தின் முதல் வேலை அளப்பதாகத்தான் இருந்தது. 1794இல் மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளர் சென்னைக் கோட்டையில் ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து வளர்ந்து பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. நம் நாட்டுப் பொறியியல் கல்வியின் வேர், முக்கோணம் போடக் கற்றுக்கொடுத்த ஒரு சிறு பள்ளியில் இருக்கிறது.

1802இல் வில்லியம் லாம்டன், பரங்கிமலைப் பக்கத்தில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை இரும்புச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் திரிகோணமிதி அளவைக்கு அதுதான் அடிக்கோடு. ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்துகொள்வது. மற்றவற்றுக்குக் கோணத்தை மட்டும் கருவியால் பார்ப்பது. மீதி நீளங்களை சைன் சூத்திரம் சொல்லிவிடும். ஒரு முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படியே இமயமலை வரை போனார்கள். பிளஸ் ஒன் வகுப்பில் 'முக்கோணத்தின் பண்புகள்' என்ற பாடத்தில் நாம் கடனே என்று உரு அடித்த சூத்திரம், நம் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு நாட்டின் வரைபடத்தைத் தொடங்கி வைத்தது என்று எந்த ஆசிரியராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஆசையாகப் படித்திருப்போம்.

கும்பகோணத்துப் பையனும் கேம்பிரிட்ஜ் கையேடும்

சூத்திரம் அளப்பதற்கு என்பது போய், ஆள் தேர்ந்தெடுப்பதற்கு என்று மாறியது எப்போது? சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் பிறந்தபோதே மெட்ரிகுலேஷன் தேர்வும் கூடப் பிறந்தது. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளே பல்கலைக்கழகத்தில் நுழைவதுதான். ஆக, நுழைவுத் தேர்வு நமக்குப் புதிதல்ல.

அந்த மெட்ரிகுலேஷனை 1903 டிசம்பரில் எழுதித் தேறினார் கும்பகோணம் சீனிவாச ராமானுஜன். அதே ஆண்டில் ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்தது. ஏறத்தாழ 5000 கணித முடிவுகள், வரிசை எண் போட்டு அடுக்கியிருக்கும். நிரூபணம் பெரும்பாலும் சுருக்கம், பல இடங்களில் வெறும் குறிப்பு. இந்தக் கார் யார் தெரியுமா? மாணவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வான டிரைபாஸுக்குப் படிப்பவர்களுக்கு உதவும் கையேடாகத்தான் அதை எழுதினார். நம் காலத்து மொழியில் சொன்னால் அது ஒரு என்ட்ரன்ஸ் கைடு!

ஒரே கைடு, இரண்டு விதமான வாசகர்கள். லண்டனில் அதை வாங்கியவர்கள் தேர்வுக்கு முதல் நாள் புரட்டிப் பார்க்க வாங்கினார்கள். கும்பகோணத்துப் பையனோ ஒவ்வொரு வரியையும் "இது எங்கிருந்து வந்தது?" என்று தானே போட்டுப் பார்த்தான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில், வெறும் ஃபார்முலா பட்டியலே அவனுக்கு ஒரு வாசலாகத் திறந்தது. பட்டியலைப் பழிப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் தேர்வுகள் அவரை விடவில்லை. கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து படித்தும், 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம். அதற்குப் பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே.

அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அந்தக் கடிதத்தைப் படித்து அருமை உணர்ந்த ஹார்டி, டிரைபாஸ் தேர்வைக் கடுமையாக எதிர்த்தவர். அவரே அதில் நான்காவது இடம் பெற்றவர்தான். வேகத்துக்கும் தந்திரத்துக்கும் பழக்கும் தேர்வு கணிதத்தையே கெடுக்கிறது என்பது அவர் வாதம். அவரைப் போன்றவர்களின் முயற்சியால், முதல் இடம் யார் இரண்டாம் இடம் யார் என்று வரிசைப்படுத்தி அறிவிக்கும் வழக்கம் 1909ஆம் ஆண்டோடு நின்றது.

1984

இனி நம் வாசலுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பி.யு.சி. போய், 1978இல் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தது. 1980இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு. அப்போதெல்லாம் தொழிற்கல்லூரியில் சேர மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வும் உண்டு. நேர்முகத் தேர்வு என்றாலே சிபாரிசு என்றுதான் கிராமத்தில் பேசிக்கொள்வார்கள். அது வெறும் ஊர்ப் பேச்சு அல்ல. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை தொடர்பாகப் பெரியகருப்பன் என்பவர் தொடுத்த வழக்கில், நேர்முகத் தேர்வு மதிப்பெண் போட்ட முறையில் உச்சநீதிமன்றமே 1970இல் குறை கண்டது.

இந்தப் பின்னணியில்தான் 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பொது நுழைவுத் தேர்வு வந்தது. நேர்முகத் தேர்வு ஒழிந்தது. யார் பிள்ளை என்று கேட்காத ஒரு தாள். நான்கு விடைகளில் சரியானதைக் குறித்தால் மதிப்பெண். அன்று கிராமத்துப் பையன்களுக்கு அது நியாயமாகவே பட்டது. அதே 1984இல்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் அரசு கதவைத் திறந்தது. தேர்வும் வந்தது, இடங்களும் பெருகின. இரண்டும் சேர்ந்து, பொறியியல் படிப்பு என்பது தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் கனவாயிற்று. 1997 முதல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையில் கலந்தாய்வு நடத்தியது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300 என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த கணக்கு. அரை மதிப்பெண் வித்தியாசத்தில் கல்லூரியே மாறிவிடும்.

ஒரு நோட்டு, இரண்டு பேர்

நான் இந்தத் தேர்வை எழுதியது 1986இல். எங்கள் பக்கத்தில் கோச்சிங் என்ற பேச்சே இல்லை. தாம்பரத்தில் ஒரு சீனியர் அண்ணன் தான் எழுதி வைத்திருந்த ஃபார்முலா நோட்டைக் கொடுத்தார். இருநூறு பக்க நோட்டு. அதை இரவோடு இரவாகக் காப்பி எடுத்து, நானும் என் வகுப்புத் தோழனும் பங்கு போட்டுப் படித்தோம். "ஆல் சில்வர் டீ கப்ஸ்" என்று கால்வட்டங்களை நினைவு வைத்தோம். "சைன் காஸ் ப்ளஸ் காஸ் சைன்" என்று பம்புசெட் தொட்டியில் குளிக்கும்போதுகூட ஒப்பிப்போம். தொகையீட்டுக்கு 'ஐலேட்'. கிட்டத்தட்ட அந்தக் காலத்துத் திண்ணைதான். சட்டாம்பிள்ளை மட்டும் இல்லை.

கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டி. எந்த ஃபார்முலாவையும் அடியிலிருந்து வருவித்துக் காட்டுவான். "சைன் ஏ ப்ளஸ் பி, காஸ் ஏ ப்ளஸ் பி, இந்த ரெண்டு இருந்தா போதும்டா. பி-க்குப் பதிலா ஏ போடு, டூ ஏ ஃபார்முலா வந்துரும். பி-யை மைனஸ் பி ஆக்கு, கழித்தல் ஃபார்முலா வந்துரும். ரெண்டையும் கூட்டு, பெருக்கலைக் கூட்டலாக்குற ஃபார்முலா வந்துரும். நீ எதுக்கு முப்பதையும் உருப்போடுற?" என்பான். சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது அவன் முகம் செத்துப் போயிருந்தது. "எல்லாத்தையும் அடியிலேர்ந்து போட்டுப் பார்த்தேன்டா. பாதி தாண்டல, பெல்லு அடிச்சிட்டாங்க" என்றான். எனக்கு இடம் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. மறு ஆண்டு எழுதலாம் என்றால் வீட்டில் வசதி இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தான்.

இதை ஒரு நண்பனின் துரதிருஷ்டமாக மட்டும் நான் பார்க்கவில்லை. தேர்வு எதை அளந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி. உருவாக்கத் தெரிந்தவனை அது பின்னால் தள்ளியது; உடனே நினைவுக்குக் கொண்டுவரத் தெரிந்தவனை முன்னால் விட்டது. அவனுக்குத் தேவைப்பட்டது இன்னும் கொஞ்சம் மனப்பாடமும், கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து மாதிரித் தாள் போட்டுப் பார்க்கும் வாய்ப்பும்தான். ஊரில் அது இல்லை. நகரத்தில் காசுக்குக் கிடைத்தது.

பிளஸ் ஒன் காணாமல் போன கதை

அந்த விலைச்சரக்கு பின்னர் பெருந்தொழிலாயிற்று. கோடை விடுமுறை முழுக்க கிராஷ் கோர்ஸ். தொண்ணூறுகளில் நாமக்கல் வட்டாரத்தில் உறைவிடப் பள்ளிகள் பெயர் பெற்றன. பிளஸ் டூ மதிப்பெண்ணே குறி என்பதால், தமிழ்நாடு முழுவதும் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, முதல் ஆண்டிலேயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடும் பழக்கம் வந்தது.

இதில் கணக்குக்கு நேர்ந்த கதியைக் கவனியுங்கள். கூட்டுக் கோணம், முக்கோணத்தின் பண்புகள், எல்லை என்னும் லிமிட் ஆகியவற்றின் அடிப்படை எல்லாம் பிளஸ் ஒன்னில் வருபவை. சைன் ஏ ப்ளஸ் பி எங்கிருந்து வருகிறது என்று படம் போட்டுக் காட்டுகிற இடமே அதுதான். அந்த ஆண்டைத் தாண்டிக் குதித்தவனுக்கு ஃபார்முலா வானத்திலிருந்து விழுந்ததாகத்தான் இருக்கும். பெயர் தெரியும், பிறந்த ஊர் தெரியாது. என் தாத்தாவின் கயிறு கையை விட்டு நழுவியது இங்கேதான் என்று நான் கருதுகிறேன். இந்த நோய் முற்றிய பிறகுதான், 2018 மார்ச்சில் முதன்முதலாகப் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு நடத்தினார்கள்.

வாசல் மாறியது

நுழைவுத் தேர்வு நகரத்துக்கும் வசதிக்கும் சாதகம் என்ற குரல் ஆண்டுக்கு ஆண்டு வலுத்தது. 2005இல் அதை நீக்க ஓர் அரசாணை வந்தது. 2006 தொடக்கத்தில் ஒரு சட்டம் வந்தது. இரண்டும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரைப்படி 2006 டிசம்பரில் புதிய சட்டம் நிறைவேறி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. 22 ஆண்டு காலத் தேர்வு முடிவுக்கு வந்தது. 2007 முதல் பொறியியலுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200தான். ஐ.ஐ.டி.க்கும் மற்ற மத்திய நிறுவனங்களுக்கும் போகிறவர்களுக்கு ஜே.இ.இ. இருக்கவே இருக்கிறது. ராமானுஜன் சிறு வயதில் படித்த லோனியின் திரிகோணமிதிப் புத்தகத்தை அந்தப் பிள்ளைகள் இன்றும் வாங்குகிறார்கள்.

2021இல் இன்னொரு சட்டம். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு. 1986இல் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் என் தோழனும் இந்த மலரில் கட்டுரை எழுதியிருப்பான். வாசல் அகலமானதில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி.

வாசலைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறது? நம் கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்குத் தாளை நினைத்தாலே இன்றைய தம்பிகள் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஊரில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு முதல் அரியர் விழுவது பெரும்பாலும் அங்கேதான். போன ஆண்டு ஒரு மாணவனிடம் பேசிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். காஸ் டூ ஏ-க்கு உள்ள மூன்று வடிவத்தையும் கடகடவென்று சொன்னான். "ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படிப்பா வருது?" என்றேன். "அப்படிக் கேக்க மாட்டாங்க சார்" என்றான். குறை அவனிடம் இல்லை. அவன் கேட்டுப் பழகிய கேள்விகள் அப்படி.

ஒரகடத்து சைன் பார்

என் தோழன் கதை ஐ.டி.ஐ.யோடு முடியவில்லை. அம்பத்தூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்தான். 1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. 2010க்குப் பிறகு ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்தன. நாங்கள் மாடு ஓட்டிக்கொண்டு போன வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் இன்று கன்டெய்னர் லாரி போகிறது. அவனும் ஊர்ப் பக்கம் திரும்பி, ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் மூத்த ஆளாகிவிட்டான். புதிதாகச் சேரும் பயிற்சியாளர்களுக்கு, டிப்ளமோக்காரர்களோடு சில இன்ஜினியர்களுக்கும், அவன்தான் முதல் பாடம் எடுக்கிறான்.

மேசையில் ஒரு சைன் பாரை வைப்பான். இரண்டு உருளைகளுக்கு நடுவே சரியாக 100 மில்லிமீட்டர் இருக்கும் ஓர் எஃகுப் பட்டை அது. "முப்பது டிகிரி சாய்வு வேணும். எத்தனை மில்லிமீட்டர் ஸ்லிப் கேஜ் அடியில வைக்கணும்?" என்று கேட்பான். பையன்கள் விழிப்பார்கள். "சைன் முப்பது எவ்வளவு?" என்பான். "அரை சார்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். "அப்ப நூறுல அரை?" ஒரு நொடி அமைதி. பிறகு யாராவது ஒருவன், "ஐம்பது!" என்பான். ஐம்பது மில்லிமீட்டர் கேஜை வைத்து, சாய்வை அளந்து காட்டுவான். "எதிர்ப்பக்கம் பை கர்ணம்னு படிச்சியே, இந்தா, இதான் எதிர்ப்பக்கம், இதான் கர்ணம். தொட்டுப் பாரு."

அந்தப் பிள்ளைகளின் மனப்பாடம் வீண் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். சைன் முப்பது அரை என்று வாயில் இல்லாதிருந்தால் அந்த நொடியில் அங்கே எதுவும் நடந்திருக்காது. வாயில் இருந்ததைக் கைக்குக் கொண்டுவர ஓர் ஆள் இருந்தான், அவ்வளவுதான். கும்பகோணத்து மேதைக்கு அந்த ஆள் தேவைப்படவில்லை. நம்மைப் போன்ற சாதாரணமானவர்களுக்குத் தேவை.

இதை எழுதி முடிக்கும்போது பழைய மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் சார்பில் ஆண்டுதோறும் புத்தகம் கொடுக்கிறோம், மின்விசிறி கொடுக்கிறோம். நல்லதுதான். அதோடு, முதல் செமஸ்டர் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கணக்கு வகுப்பு ஒன்றை நாமே முறை வைத்து நடத்தினால் என்ன? ஒரகடம், திருப்பெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் எத்தனையோ பேர். டூல் ரூமிலிருந்து ஒரு சைன் பார், தரக் கட்டுப்பாட்டிலிருந்து ஓர் அளவுகோல், இல்லாவிட்டால் ஒரு கயிறு, எதையாவது கொண்டுவந்தால் போதும். என் தோழன் நம் கல்லூரியில் படித்தவன் இல்லை. ஆனாலும் முதல் வகுப்பை அவனே எடுக்கட்டும் என்று சங்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவனும் வரச் சம்மதித்துவிட்டான்.

தம்பி தங்கையரே, ஃபார்முலாவை நன்றாக உருப்போடுங்கள், வெட்கப்பட வேண்டாம். அதோடு ஒவ்வொன்றிடமும் "நீ எந்த ஊர், எங்கிருந்து வர்றே?" என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டால், சனிக்கிழமை வந்து கேளுங்கள்.